பெரிய நாய்க்கு ஏன் குறுகிய ஆயுள்?

உடல் பெரிதான மிருகம் நீண்ட காலம் வாழும் என்பது பொதுவான விதி. எலியின் ஆயுள் 2, 3 ஆண்டுகளில் முடிந்துவிடும். மாடு 20 ஆண்டு வரை வாழக்கூடியது. யானையோ 60 ஆண்டையும் தாண்டும். ஆனால் நாய்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் இந்த விதி தலைகீழாகிவிடுகிறது. சிறிய இன நாய்கள் பல 13, 14 ஆண்டுகள் வாழ்கின்றன. மிகப் பெரிய நாயோ அதன் பாதிக் காலத்திலேயே முதுமையடைந்து இறந்துவிடுகிறது. இதற்குத் தெளிவான உதாரணம் அயர்லாந்து நாட்டின் ‘ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட்’ என்னும் வேட்டை நாயாகும்.

ஓநாய் வேட்டைக்கு வளர்த்த இனம்

பெயரில் உள்ளபடியே இது ஓநாயைத் துரத்திப் பிடிப்பதற்கு வளர்க்கப்பட்ட நாய். இந்நாய்கள் குறைந்தால் ஓநாய்கள் பெருகிவிடும் என்பதால், இவற்றை அயர்லாந்துக்கு வெளியே கொண்டு செல்வதை 1652 இல் குரொம்வெல்லின் ஆட்சி தடை செய்தது. அங்கு கடைசி ஓநாய் 1786 இல் கொல்லப்பட்டதாகச் சொல்வார்கள். ஓநாய் ஒழிந்ததும் நாய்க்கும் வேலை இல்லாமற் போயிற்று. இனம் அழியும் நிலைக்கு வந்தது. 1860களில் கப்டன் ஜோர்ஜ் கிரகாம் என்பவர், எஞ்சியிருந்த சில நாய்களை ஸ்கொட்லாந்தின் மான் வேட்டை நாய், கிரேட் டேன் முதலிய இனங்களுடன் கலந்து இதை மீட்டெடுத்தார். இன்று இவ்வினத்தின் ஆண் நாய் தோளளவில் குறைந்தது 79 செ.மீ. உயரமும் 54.5 கிலோ நிறையும் உடையதாக இருக்கவேண்டும் என்பது வகுக்கப்பட்ட அளவு.

இத்தனை பெரிய நாயின் சராசரி ஆயுள் 6 முதல் 8 ஆண்டுகள் மட்டுமே. “நாயின் ஓர் ஆண்டு மனிதனின் ஏழு ஆண்டு” என்ற கணக்கு இதற்குப் பொருந்தாது. 5 வயதிலேயே இது முதுமையின் வாசலுக்கு வந்துவிடுகிறது.

காரணம் என்ன?

இதன் குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். ஒரு வயதாகும்போது 50 கிலோ அளவுக்கு வந்துவிடும். இவ்வளவு வேகமான வளர்ச்சிக்கு உடல் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இறைச்சிக்காக வளர்க்கும் புரொய்லர் கோழியை நாம் அறிவோம். சில வாரங்களில் நிறை கூடிவிடும். ஆனால் காலும் இதயமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. ஊர்க்கோழிக்கு அந்தத் தொல்லை குறைவு.

2013 இல் வெளியான ஓர் ஆய்வு 74 இன நாய்களை ஒப்பிட்டது. உடல் நிறை 2 கிலோ கூடும்போது ஆயுளில் ஏறக்குறைய ஒரு மாதம் குறைகிறது என்றும், பெரிய நாய்களின் ஆயுள் குறைவதற்கு அவை வேகமாக முதுமையடைவதே முக்கிய காரணம் என்றும் அதிற் கண்டார்கள்.

வுல்ஃப்ஹவுண்டின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பவை மூன்று: எலும்புப் புற்றுநோய், இதயத்தசை தளர்ந்து விரியும் நோய், இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளுதல். இவற்றுள் இதய நோயில் ஒரு சிக்கல் உண்டு. நாய் குட்டி ஈன்று முடிந்த பின்னரே அந்நோய் பெரும்பாலும் வெளிப்படும். அதற்குள் பலவீனம் அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். ஆகவேதான் பொறுப்புள்ள வளர்ப்போர் நாயின் இதயத்தை ஆண்டுதோறும் பரிசோதிப்பதோடு, பெற்றோரும் பாட்டன் பாட்டியும் எத்தனை வயது வரை வாழ்ந்தன என்றும் பார்க்கிறார்கள். ஒரு பசுவை வாங்குமுன் அதன் தாயைப் பற்றி விசாரிப்பது போன்றதே இது.

முதுமையா, நோயா?

முகத்தில் நரை விழுதல், படுத்த நாய் மெதுவாக எழும்புதல், பின்கால்கள் விறைத்தல், கூடுதலாக உறங்குதல் ஆகியவை முதுமையின் அடையாளங்கள். ஆனால் எல்லாவற்றையும் “வயது போய்விட்டது” என்று விட்டுவிடக்கூடாது. ஒரே காலில் நொண்டுதல் நீடித்தாலோ, எலும்பில் வீக்கம் கண்டாலோ அது புற்றுநோயாக இருக்கலாம். இருமல், விரைவாகக் களைத்தல், மயங்கி விழுதல் என்பன இதய நோயைக் காட்டலாம். வயிறு உப்பி, வாந்தியெடுக்க முயன்றும் ஒன்றும் வராவிட்டால் அது அவசர நிலை. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும்.

ஆயுளைக் காக்கும் வழிகள்

1. குட்டியை அளவுக்கு மீறி ஊட்டி விரைவாகப் பருக்க வைக்கக்கூடாது. மிதமிஞ்சிய கல்சியமும் எலும்பைக் கெடுக்கும்.

2. வளர்ந்த நாயையும் கொழுக்க விடக்கூடாது. விலா எலும்புகள் கையால் தடவும்போது தெரியவேண்டும். அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து இறுதி வரை கவனித்தார்கள். 25 சதவீதம் குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. இம்முடிவு 2002 இல் வெளியாயிற்று.

3. நாளுக்குரிய உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். உண்டவுடன் ஓடவிடக்கூடாது.

4. எலும்பு முற்றுமுன் கடுமையாக ஓட்டக்கூடாது. முதுமையில் மெதுவான நடையும் மெத்தென்ற படுக்கையும் போதும்.

5. மனிதருக்குரிய வலி மாத்திரைகளைக் கொடுக்கக்கூடாது. அவற்றுட் சில நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் அழித்துவிடும்.

இந்நாயைப் பெரிதாக்கியது மனிதனின் விருப்பம். அதற்கான விலையை நாய் தன் ஆண்டுகளால் செலுத்துகிறது. அந்த ஆண்டுகள் முழுவதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் அளவான தீனியாலும், நல்ல தெரிவாலும், நோயைக் காலத்தோடு அறிவதாலும் சிலவற்றைக் காப்பாற்றலாம். இது பெரிய நாய்க்கு மட்டுமன்றி, வாசலில் கிடக்கும் எந்த நாய்க்கும் பொருந்தும்.