கல்முனையிலிருந்து பொத்துவில் வரை

மோட்டார் வண்டியிற் செல்பவன் ஊர்களைக் கடந்து போகிறான். துவிச்சக்கர வண்டியிற் செல்பவனோ ஒவ்வோர் ஊருக்குள்ளும் புகுந்து வெளிவருகிறான். எந்த வீட்டிற் கருவாடு காய்கிறது, எந்தக் கடையில் அப்பம் வேகிறது என்பன அவனுடைய மூக்குக்குத் தெரியும். கச்சான் காற்று எந்தத் திருப்பத்தில் வண்டியைச் சரிக்கும் என்பது அவனுடைய முழங்காலுக்குத் தெரியும். 2022ஆம் ஆண்டிலே பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நிற்க நேர்ந்த காலத்தில், கொட்டிலிலே துருவேறிக் கிடந்த சைக்கிள்களை நம்மிற் பலர் துடைத்தெடுத்தோம். வரிசைகள் மறைந்ததும் பெரும்பாலோர் அவற்றைப் பழையபடி கொட்டிலிற் சாத்திவிட்டனர். அடியேன் சாத்தவில்லை. விடுமுறை நாட்களிலே கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிப் பொத்துவில் வரைக்கும், ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோமீற்றர் தூரம், மிதித்துச் சென்று கண்டவற்றுட் சிலவற்றை வாசகர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

புறப்படுமுன் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டுச் செல்வது நன்று. தமிழகத்து நாகூரிலே அடக்கமாகியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுந்தது இது. ஆண்டுதோறும் கொடியேற்ற விழாக் காலத்தில் இங்கே மிட்டாய்க் கடைகளும் வளையற் கடைகளும் மணலை மறைத்துவிடும். விழா இல்லாத நாளிலோ அலையோசை ஒன்றுதான். அங்கிருந்து சாய்ந்தமருது வரை கடலோரமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால், வீடில்லாத அத்திவாரங்களையும், எவரும் நீர் மொள்ளாத கிணற்றுக் கட்டுகளையும் இன்றும் காணலாம். 2004 டிசம்பர் 26ஆம் நாட் காலையிற் கடல் எழுந்து வந்தபோது, இலங்கையிலேயே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டந்தான். மாண்டோர் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். பெருவீதியிற் பஸ்ஸில் விரைபவருக்கு இந்தக் கிணறுகள் தெரிவதில்லை.

மாசி, பங்குனி மாதங்களிற் புறப்படுபவர் மணியை அடித்துக்கொண்டே செல்லவேண்டும். பெரும்போக அறுவடை முடிந்திருக்கும். வீதியின் ஓரத்தைப் படங்கு விரித்து நெல்லுக்குக் கொடுத்துவிட்டிருப்பார்கள். வெறுங்காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு நடக்கும் மூதாட்டிகளுக்கு லொறியும் ஒன்றுதான், சைக்கிளும் ஒன்றுதான், எதற்கும் விலகமாட்டார்கள். எங்கள் பகுதியில் ‘வேளாண்மை’ என்றால் நெற்பயிர் என்றே பொருள். மேற்கே இங்கினியாகலையில், 1949ஆம் ஆண்டிலே தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் அணைக்கட்டு நிற்கிறது. அங்கிருந்து வரும் நீரே இவ்வயல்களில் மிகப்பலவற்றை இரு போகமும் நனைக்கிறது. கல்லோயாவுக்கு நம்மவர் இட்ட பழம்பெயர் பட்டிப்பளை ஆறு. முன்னாளிலே சூடு மிதிக்கும் களத்தில் வழக்கமான சொற்களைச் சொல்லலாகாது என்று களத்துக்கென்றே ஒரு தனிமொழி வழங்கிற்று. நெல்லைப் பொலி என்பார்கள். இப்பொழுது அறுவடை இயந்திரம் ஒரு முற்பகலில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. இயந்திரத்துக்கு எந்தச் சொல்லும் கூடாத சொல்லன்று.

சைக்கிளின் வேகத்தில் மட்டுமே கண்ணிற் படும் இன்னொன்று உண்டு. அது வளவுகளின் அமைப்பு. முன்னே பழைய வீடு. அதன் பின்னே அல்லது பக்கத்திலே புதிய வீடு. அதற்கப்பால் அரைச்சுவரோடு நிற்கும் மற்றொன்று. எங்கள் கரையோரத்திலே தமிழராயினும் முஸ்லிம்களாயினும் வீட்டை மகளுக்கே கொடுப்பர். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அடுத்தவளுக்காக வேறொன்று கட்டத் தொடங்குவர். மருமகன்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். தாய்வழியாக வரும் குடிமுறையும் இரு சாராருக்கும் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றிலே தங்கி ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட பெருநூல் இதனை விரிவாக எடுத்துரைக்கிறது. கட்டி முடியாத வீடுகளை எண்ணிக்கொண்டே சென்றால், எத்தனை தந்தையர் இன்னும் ஓய்வு பெறவில்லை என்பது விளங்கும்.

மாளிகைக்காட்டைத் தாண்டினாற் காரைதீவு. யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள் 1892இற் பிறந்த ஊர். வைகாசியிலே கண்ணகை அம்மன் குளிர்த்திக்கு ஊரே திரண்டிருக்கும். இங்கிருந்து மேற்கே மாவடிப்பள்ளியூடாகச் சம்மாந்துறைக்குப் பிரியும் வயல்வெளிப் பாதை, கோடையில் ஓவியம் போன்றது. 2024 நவம்பர் 26ஆம் நாள், அதே பாதையில் வெள்ளம் பாய்ந்தபோது, நிந்தவூர் மதரசாவிலிருந்து வீடு திரும்பிய சிறுவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. வறண்ட நாளில் அவ்விடத்தைக் கடப்பவருக்கு, இத்துணைச் சிறிய நீரோடையா என்ற வியப்பே தோன்றும்.

நிந்தவூரையும் களியோடைப் பாலத்தையும் கடந்தால் ஒலுவில். வீதியோரத்திலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பரந்து கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமற் கடற்கரைக்குச் செல்லவேண்டும். டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பெற்று 2013 செப்டெம்பரிலே திறந்துவைக்கப்பட்ட துறைமுகம் அங்கே இருக்கிறது. எதிர்பார்த்த வணிகக் கப்பல்கள் வரவில்லை, மணல் வந்தது. கீழைக்கரையோரமாக மணல் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்கிறது. கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கிலே மணல் குவிந்தது, வாயில் அடைபட்டது, வடக்கிலே கரைக்குக் கிடைக்கவேண்டிய மணல் கிடைக்காமற் போனது. கொடுக்கப்படாததைக் கடல் நிலத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாயிற்று.

அக்கரையில் வேரோடு சாய்ந்து கிடக்கும் தென்னைகளைப் பார்த்துக்கொண்டு நான் நின்றபோது, வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்தார்.

“என்ன சேர் பாக்கிறீங்க?”

“முன்பு கரை எவ்வளவு தூரத்தில் இருந்தது, காக்கா?”

அவர் கையை நீட்டினார். “அந்தா, நுரை தள்ளுதே, அதுக்கும் அங்கால எங்கட வளவு. வாப்பா வெச்ச தென்ன நாப்பது நின்ற. கரைவலை இழுத்துப் போட்டா வெயிலுக்கு அதுக்குக் கீழதான் இருப்பம்.”

சிறிது நேரம் பேசாதிருந்தவர், “உறுதி இன்னும் பெட்டிக்குள்ள கிடக்கு சேர். காணிதான் இல்ல,” என்றார். பின்பு, வெயில் ஏறுகிறது, தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார். கற்களைக் கொட்டிக் கரையைக் காக்கும் முயற்சி நடந்த இடங்களும் உள. கற்கள் முடியும் இடத்திலே அரிப்புத் தொடங்குவதையும் அவரே காட்டித் தந்தார். நிந்தவூர்க் கரையும் இப்பொழுது தேய்ந்து வருகிறது. துறைமுகத்தைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கைகள் பல. அவற்றை எழுதுவோர் அந்த முதியவரோடு அரைமணி நேரம் மணலில் உட்கார்ந்தால் நலமாயிருக்கும்.

பாலமுனையும் அட்டாளைச்சேனையும் அடுத்தடுத்து வரும். அட்டாளைச்சேனைப் பக்கத்துப் பள்ளக்காட்டிலே கரையோர ஊர்களின் குப்பை கொட்டப்படுகிறது. அதனைத் தின்ன யானைகள் வருகின்றன. பிளாஸ்ரிக் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மாண்டன என்ற செய்தி 2022 சனவரியில் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. யானை நிற்கும் மாலை வேளையில் அப்பக்கம் சைக்கிளோடு போகவேண்டாம் என்று அனுபவசாலிகள் எச்சரிக்கிறார்கள். அறிவுரை நன்று, ஆனால் யானைக்கு எச்சரிக்கை சொல்வார் இல்லை.

கருங்கொடித்தீவு என்னும் பழம்பெயருடைய அக்கரைப்பற்றில் ஒரு சட்டி எருமைத் தயிரை முடித்துக்கொண்டு புறப்பட்டால், தம்பிலுவில், திருக்கோவில் தாண்டியதும் வீடுகள் அருகிப் பற்றைக்காடு நெருங்கும். கோமாரிப் பக்கத்திலே சங்கமன்கண்டி முனை இருக்கிறது. இலங்கைத் தீவின் கிழக்கு எல்லை அதுவே. எல்லைக்குரிய ஆரவாரம் எதுவும் அங்கில்லை. பாறையும் மணலும் ஓயாத காற்றுந்தான்.

கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முந்திய வாரங்களில் இவ்வழியே செல்பவருக்குத் துணை நிறைய உண்டு. வடக்கேயிருந்து நடந்து வரும் அடியார்கள் பொத்துவில் கடந்து, உகந்தை முருகனை வணங்கிக் காட்டுவழி இறங்குவார்கள். சென்ற முறை சங்கமன்கண்டிக்கு அருகே, தலையில் மூட்டையோடு நடந்த ஒரு மூதாட்டி என் வண்டியை ஏற இறங்கப் பார்த்து, “தம்பி, உதை உருட்டிக்கொண்டே வாறீர்?” என்று கேட்டார். சில்லில் முள் ஏறியிருந்தது. பொத்துவில் வரை அவரோடு நடந்தே சென்றேன்.