எந்த மொழியில் படித்த பட்டம்?

"அம்மா, நீங்கள் இங்கிலீசிலதான் படிச்சனீங்கள் எண்டு இதில எங்க எழுதியிருக்கு?"

மகள் கேட்டபோது என் பட்டச் சான்றிதழ் சாப்பாட்டு மேசையில் விரித்தபடி கிடந்தது. நானும் தேடிப் பார்த்தேன். என் பெயர் இருந்தது, விஞ்ஞானமாணி என்று இருந்தது, திகதியும் முத்திரையும் இருந்தன. எந்த மொழியில் படிப்பித்தார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞானபீடத்தில் பௌதிகம் படித்தவள் நான். அப்போது ஊரில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் விளக்கு. அந்த வெளிச்சத்தில் ஆங்கிலப் புத்தகத்தின் சமன்பாடுகளைக் கொப்பியில் பார்த்தெழுதுவோம். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். விளங்காவிட்டால் சேர் தமிழில் ஒருதரம் சொல்லிவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்கே போவார். வினாத்தாளும் ஆங்கிலம், விடை எழுதுவதும் ஆங்கிலம். 1995 ஒக்ரோபர் 30 இரவு போரில் இடம்பெயர்ந்து ஊரே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, உடுப்புகளைக் குறைத்துவிட்டு அந்தக் கொப்பிகளைத்தான் பொலித்தீன் பையில் கட்டி சைக்கிளில் வைத்தேன். அப்படிப் படித்த படிப்புக்கு, அது ஆங்கிலத்தில்தான் நடந்தது என்று நான் இன்னொருமுறை அத்தாட்சி காட்ட வேண்டியிருந்தது.

கலியாணம் கட்டி ஜெர்மனிக்குப் போனேன். டொச் படித்தேன், அந்த நாட்டுப் பிரஜை ஆனேன். 2010 அளவில் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் ஹரோவுக்கு வந்துவிட்டோம். ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் இப்படி வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. பிரெக்ஸிட்டோடு ஐரோப்பிய ஒன்றியப் பிரஜைகளான எங்களுக்கென வந்த வதிவிடத் திட்டத்தில், 'செற்றில்ட் ஸ்ரேற்றஸ்' என்பார்களே, அதில் ஆங்கிலம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிரிட்டிஷ் பிரஜாவுரிமையைப் பற்றி நான் யோசித்ததும் இல்லை; எடுத்தால் ஜெர்மன் பிரஜாவுரிமை போய்விடும் என்ற பயம். 2024 யூன் 27 முதல் ஜெர்மனி இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகுதான் விண்ணப்பத்தைத் திறந்தேன்.

18 வயதுக்கும் 65 வயதுக்கும் இடைப்பட்டவர்களிடம் பிரஜாவுரிமைக்குப் பிரித்தானியா இரண்டு விடயம் கேட்கிறது. ஒன்று, 'லைஃப் இன் த யூகே' பரீட்சை: 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருக்க வேண்டும். மற்றது ஆங்கிலம், ஐரோப்பிய மொழி அளவுகோலில் பி1 என்ற மட்டம், அதுவும் பேசுவதும் கேட்பதும் மட்டுமே. 2013 ஒக்ரோபர் 28க்கு முன்னர் லைஃப் இன் த யூகே பாஸ் பண்ணினாலே மொழிக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்து நினைவில் "அது பாஸ் எண்டால் காணும்" என்று இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். காணாது, இரண்டும் வேண்டும்.

அமெரிக்கா, அவுஸ்திரேலியா, ஜமேக்கா போன்ற ஆங்கிலம் பெரும்பான்மையாகப் பேசும் நாடுகளின் பிரஜைகளுக்கு மொழிச் சான்று தேவையில்லை. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. பள்ளிக்கூடம் தொடங்கிப் பட்டம்வரை ஆங்கிலத்திலேயே படித்த சென்னைப் பிள்ளையும் சான்று காட்டித்தான் ஆக வேண்டும். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனாலும் விதி அதுதான்.

ஆங்கிலத்தில் படித்த பட்டம் இருந்தால் அதைச் சான்றாகக் காட்டலாம். பிரித்தானியப் பட்டத்துக்குச் சான்றிதழ் ஒன்றே போதும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் எக்டிஸ் என்ற அமைப்பிடம் போக வேண்டும். 2021 வரை நாரிக் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த சேவையை நடத்துவது இதுதான். இலங்கை, இந்தியப் பட்டங்களுக்கு அவர்களிடமிருந்து இரண்டு அறிக்கை எடுக்க வேண்டும். உங்கள் பட்டம் இங்கத்தைய பட்டத்துக்குச் சமம் என்பது முதலாவது. படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது, மொழித் தகைமை இந்த மட்டத்துக்கு வருகிறது என்பது இரண்டாவது. முதலாவதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். என்னிடம் காசு வாங்கி விண்ணப்பம் நிரப்ப வந்தவரோ அதுகூடத் தேவையில்லை, சான்றிதழை ஸ்கான் பண்ணினால் சரி என்றார். மகள் அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் அப்படியே அனுப்பியிருப்பேன். விண்ணப்பக் கட்டணம் 1,600 பவுணுக்கு மேல். நிராகரித்தால் பிரஜாவுரிமை ஏற்பு விழாவுக்கென வாங்கும் 130 பவுணைத்தான் திருப்பித் தருவார்கள்.

இரண்டாவது அறிக்கைக்கு ஆதாரம் பல்கலைக்கழகம் தரும் ஒரு பக்கக் கடிதம்: இன்னார், இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை, இந்தப் பாடநெறி, போதனாமொழி ஆங்கிலம். நான் அதிகாரக் கடிதமும் கடவுச்சீட்டுப் பிரதியும் அனுப்ப, ஊரிலிருக்கும் தம்பி பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிக்குப் போய்ப் பரீட்சைப் பிரிவில் விண்ணப்பித்தான். பெறுபேற்று விபரத்தையும் அப்போதே கேட்டு வாங்கினான். "அக்கா, உங்கட பேர் பழைய லெட்ஜரில கையால எழுதிக் கிடக்கு" என்று போனில் சொன்னான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்த இடப்பெயர்வுகளுக்குப் பிறகும் அந்தப் புத்தகம் இருந்திருக்கிறது.

அடுத்தது பெயர். சான்றிதழில் நான் அப்பாவின் பெயரின் முதலெழுத்தோடு இருக்கிறேன், ஜெர்மன் கடவுச்சீட்டில் கணவரின் பெயரோடு. எழுத்துக்கூட்டலும் ஓரிடத்தில் வேறு. பார்க்கிறவருக்கு இவை இரண்டு மனிதர்கள். இரண்டையும் இணைப்பது விவாகப் பதிவுச் சான்றிதழ். அது தமிழில் இருந்ததால் அத்தாட்சி பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பும் செய்வித்தேன். பெண்கள் இதை முதலிலேயே எடுத்து வையுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு நாள் போனது இதற்குத்தான்.

என் தோழிக்கு இந்த வழியே இல்லை. அவளும் அதே கம்பஸ், ஆனால் கலைப்பீடம், தமிழில் படித்த பட்டம். கடிதம் எடுத்தாலும் அதில் தமிழ் என்றுதானே வரும். பிரான்சிலிருந்து வந்தவள், பல வருடமாகக் கடையில் காசாளர், நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசுகிறவள். பரீட்சை என்றதும் தன்னைக் குறைத்துப் பார்க்கிறார்கள் என்று அழுதாள். எனக்கும் கோபம்தான். ஆனால் விபரம் பார்த்தபோது அது பயப்படும் பரீட்சை இல்லை என்று தெரிந்தது. உள்துறை அமைச்சு ஏற்றுக்கொண்ட நிலையத்தில் எடுக்க வேண்டும், அது ஒன்றுதான் கவனம். ஐஈஎல்ற்றிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் பி1 என்றால் இன்னொரு பரீட்சார்த்தியோடு சேர்ந்து 22 நிமிடம் பேசுவது. கட்டணம் 150 பவுண் அளவில். ட்ரினிற்றி ஐந்தாம் தரம் 10 நிமிடம்: பாதி நேரம் நாங்கள் தயார்செய்த தலைப்பு, மீதி பொதுவான உரையாடல். வாசிப்பும் எழுத்தும் இல்லை. ஆங்கிலம் சரளமாக வருகிறவர், ஊரில் ஓடித்திரிய ஆள் இல்லாவிட்டால், பட்டம் இருந்தாலும் பரீட்சைக்கே போகலாம் என்பது என் எண்ணம்.

நிரந்தர வதிவிட அனுமதி எடுக்கும்போதே பி1 மட்டத்தை நிரூபித்து, அதை ஏற்றுக்கொண்டிருந்தால் மறுபடி ஒன்றும் செய்யத் தேவையில்லை. பரீட்சைச் சான்றிதழின் இரண்டு வருடச் செல்லுபடிக் காலம் கடந்திருந்தாலும் பரவாயில்லை. வேலை விசாவிலும் துணைவர் விசாவிலும் வந்து இருப்பவர்கள் காசு கட்டமுன் பழைய கோப்பைத் திறந்து பாருங்கள்.

தோழி ட்ரினிற்றியைத் தெரிவுசெய்தாள். தலைப்பு, ஒடியல் கூழ். என் வீட்டுக் குசினியில் நின்று ஒரு கிழமை சொல்லிப் பழகினாள்: பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைப்பது, மாவாக்குவது, நண்டும் மீனும் பலாக்கொட்டையும் போடுவது, பிலாவிலையைக் கோலி அதில் குடிப்பது. பரீட்சை முடிந்து தெருவுக்கு வந்ததும் போன் எடுத்தாள்.

"என்ன மாதிரி?" என்றேன்.

"பிலாவிலை ஒழுகாதோ எண்டு கேட்டவா. மடிச்சு ஈர்க்குக் குத்திக் காட்டினனடி, கையால."