மூன்றாம் தலைமுறையின் கணக்கு

ஓப்ரயன், ரயன், மர்ஃபி என்ற பெயர்களைக் கேட்டதும் ஆங்கிலேயர் என்றே நினைத்துவிடுகிறோம். இவை அயர்லாந்து நாட்டுக் குடிப்பெயர்கள். அந்தத் தீவுக்கும் நம் கொல்கத்தாவுக்கும் உள்ள உறவில், ஊர்விட்டு வந்த நமக்கும் ஒரு பாடம் உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் 1825 முதல் 1850 வரை சேர்ந்த ஐரோப்பியச் சிப்பாய்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐரிஷ்காரர்கள். பெரும்பாலோரைக் கப்பலேற்றியது வறுமை. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து வந்த பஞ்சத்தில் அங்கே சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். இங்கு வந்தவர்களில் பலர் இந்தியப் பெண்களை மணந்தார்கள். அவர்கள் வழிவந்தோர் ஆங்கிலோ இந்தியர் ஆனார்கள். 1967இல் இந்நகரில் பொதுமக்களுக்கான முதல் வினாடி வினாவை நடத்திய நீல் ஓப்ரயனின் பெயரிலேயே அந்த உறவு தெரிகிறது.

1947க்குப் பின் ஆங்கிலோ இந்தியர் பலர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று போய்விட்டார்கள். மூதாதையர் மண்ணுக்கே திரும்ப நினைப்பவருக்கு அயர்லாந்துச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தாத்தா பாட்டிமாரில் ஒருவர் அத்தீவில் பிறந்திருந்தால் போதும்; வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து குடியுரிமை பெறலாம். கொள்ளுத்தாத்தா என்றால் அது போதாது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே தாயோ தந்தையோ தம் பெயரைப் பதிந்திருக்க வேண்டும்.

சரி, சான்றுக்கு எங்கே போவது? 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் நகரின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்து போயிற்று. நூற்றாண்டுக் கணக்கான ஏடுகள் சாம்பல். இன்று முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய மக்கள்தொகைக் கணக்கு 1901ஆம் ஆண்டினதுதான். ஆனாலும் வழி அடியோடு அடைபடவில்லை. வங்காளத்துப் பாதிரிமார் எழுதிய ஞானஸ்நான, திருமண, அடக்கக் குறிப்புகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. அவை இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அயர்லாந்தும் மற்ற இடங்களில் தப்பிய நகல்களைத் தேடிச் சேர்த்து, 2022இல் கணினிவழிக் காப்பகம் ஒன்றைத் திறந்தது. மூலம் எரிந்த இடத்தில் நகல் கைகொடுத்தது.

இப்போது நம் கதைக்கு வருவோம். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் மூன்றாம் தலைமுறை வந்தாயிற்று. பிள்ளைகள் வங்காளியில் வெளுத்து வாங்குகிறார்கள். கொள்ளுப்பாட்டி பெயர் என்னப்பா என்றால் முழிக்கிறார்கள். ஐரிஷ் சட்டம் எந்தத் தலைமுறையில் தயங்குகிறதோ, நம் ஞாபகமும் அங்கேதான் தயங்குகிறது.

நான் வியாபாரி. பேரேட்டில் ஏறாத வரவு வரவே இல்லை என்பது எங்கள் தொழில் பாடம். நான் பிறந்த சமண சமயமும் அதையே காட்டுகிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரை இன்று நாம் அறிவது எதனால்? அன்று யாரோ கல்லில் வெட்டி வைத்ததனால்தானே!

நமக்குக் கல் வேண்டாம், ஒரு நோட்டு போதும். தாத்தா பாட்டிமார் பெயர், பாட்டி பிறந்த ஊர், தாலுகா, வழிபட்ட கோயில், ஊரைவிட்டுக் கிளம்பிய ஆண்டு, காரணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். தமிழ் படிக்காத பேரனுக்காக ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் சேருங்கள். ஒரு நகல் இங்கே இருக்கட்டும். இன்னொன்று ஊரில் பங்காளி வீட்டில் இருக்கட்டும். திரும்பிப் போவதும் போகாததும் பிள்ளைகள் இஷ்டம். வழி தெரியாமல் நிற்கும்படி அவர்களை விட்டுவிடக் கூடாது.