புது வீடு வாங்கும் படலம்: புரோக்கர் உங்கள் ஆளா? கம்பெனி ஆளா?

ரூ.1½ லட்சத்தை கோட்டை விட்ட குமாஸ்தா - தப்பிப் பிழைத்த மளிகைக்கடை அண்ணாச்சி

சென்னை,

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி. மேடவாக்கம் பக்கம் ஒரு புத்தம்புது அடுக்குமாடி கட்டிடம். வாசலில் சாமியானா பந்தல். சுடச்சுட காபி. பிள்ளைகளுக்கு பலூன். கார்களும் ஆட்டோக்களும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கின்றன.

ஒரு ஆட்டோவில் இருந்து கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை இறங்குகிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒருவர் ஓடி வருகிறார். கையில் பைல். காதில் செல்போன். வாய் நிறைய சிரிப்பு.

"வாங்க சார்! வாங்க மேடம்! எனக்கு நீங்க ஒத்த பைசா தர வேண்டாம். எல்லாம் கம்பெனியே குடுத்துடும்."

இந்த ஒரு பேச்சில்தான் பலர் விழுந்து விடுகிறார்கள். விழுந்தவர்களில் ஒருவர் மண்ணடியில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதும் குமாஸ்தா.

வெள்ளைத்தாள் ரசீது

குமாஸ்தாவுக்கு வயது 43. பெரம்பூரில் வாடகை வீடு. 16 வருஷ சேமிப்பு, மனைவி கட்டிய சீட்டுப் பணம், பேங்க் லோன் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, ஒரு 2 பெட்ரூம் வீடு வாங்கலாம் என்று கிளம்பினார்.

வீடு பிடித்து விட்டது. அப்போதுதான் அந்த புரோக்கர் காதைக் கடித்தார்.

"சார், இந்த பிளாட்டுக்கு இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு. இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள டோக்கன் போட்டாத்தான் உங்களுக்கு பிளாக் பண்ண முடியும். என் கமிஷன்ல பாதியை உங்களுக்கே திருப்பித் தரேன்."

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "ஏங்க, ஒரு நாள் பொறுத்து, யாரையாவது கேட்டுட்டு குடுக்கலாமே" என்றார். கணவருக்கோ வீடு கைநழுவி விடுமோ என்ற பயம். மனைவியின் இரட்டைவட சங்கிலி அன்று மத்தியானமே அடகுக் கடைக்குப் போனது. ரூ.1½ லட்சம் ரொக்கமாக புரோக்கர் கைக்கு மாறியது. அதற்கு அவர் கொடுத்தது ஒரு வெள்ளைத்தாள். அதில் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்!

நாலு நாள் கழித்து கம்பெனி ஆபீசுக்குப் போனால் அங்கே குண்டைத் தூக்கிப் போட்டார்கள். "நாங்க கம்பெனி பேருக்கு செக் இல்லைன்னா பேங்க் டிரான்ஸ்பர்தான் வாங்குவோம். ரொக்கம் வாங்குறதே இல்லை. அந்த ஆளு எங்க ஸ்டாப்பும் இல்லை."

புரோக்கரின் செல்போன் சுவிட்ச் ஆப். வாடகைக்கு இருந்த அறையும் காலி.

போலீஸ் ஸ்டேஷனுக்கு பலமுறை நடந்த பிறகு ஆள் பிடிபட்டார். மூன்று தவணையாக ரூ.60 ஆயிரம் திரும்பி வந்தது. மீதி ரூ.90 ஆயிரம் இன்னும் வரவில்லை. சங்கிலிக்கு வட்டி மட்டும் மாதா மாதம் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

கமிஷன் எங்கிருந்து வருகிறது?

பழைய வீடு கைமாறும்போது விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் கமிஷன் வாங்குவது சென்னை புரோக்கர்களின் வழக்கம். புது வீட்டில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் கட்டுகிற கம்பெனிதான் புரோக்கருக்கு கமிஷன் கொடுக்கிறது. ஆகவே "பைசா வேண்டாம்" என்று புரோக்கர் சொல்வது பல இடங்களில் பொய் இல்லை.

ஆனால் கம்பெனி சும்மா கொடுக்குமா? விளம்பரம், சாமியானா, காபி, பலூன் எல்லாமே வீட்டு விலைக்குள் அடக்கம். கமிஷனும் அப்படித்தான். யார் கூலி கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வேலை நடக்கும். விலையைக் குறைத்துப் பேசினால் புரோக்கரின் கமிஷனும் அல்லவா குறையும்!

"அப்ப புரோக்கரே வேண்டாம். நேரா போனா விலை குறையுமே" என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் தப்புக் கணக்கு. புரோக்கர் இல்லாமல் வந்தார் என்பதற்காக தானாகவே விலையைக் குறைக்க எந்த கம்பெனி முன்வரும்? வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டாலும் "ரேட் பிக்சட் சார்" என்று கையை விரிக்கும் இடங்கள் உண்டு. அங்கே கமிஷன் பணம் கம்பெனிக்கே மிச்சம்.

வாசலில் இருக்கும் நோட்டு

இன்னொரு சங்கதி. புது கட்டிட வாசலில் ஒரு நோட்டு இருக்கும். பெயரும் செல் நம்பரும் எழுதச் சொல்வார்கள். இப்போது சில இடங்களில் போனிலேயே பதிந்து கொள்கிறார்கள்.

தனியாகப் போய் அதில் பெயர் எழுதி விட்டால், பிறகு நமக்குத் தெரிந்த நம்பிக்கையான புரோக்கரை அழைத்துப் போனாலும் "இது நேரா வந்த பார்ட்டி" என்று கமிஷனை மறுத்து விடுவார்கள். கமிஷன் இல்லாத வேலைக்கு அவர் எதற்கு அலையப் போகிறார்? ஆகவே புரோக்கர் வேண்டும் என்று நினைப்பவர்கள் முதல் தடவையே அவரோடு போக வேண்டும்.

விளம்பரத்தைப் பார்த்து கண்ட இடத்தில் நம்பர் கொடுப்பதும் ஆபத்து. ஒரே ஆளுக்கு "என் பார்ட்டி, என் பார்ட்டி" என்று மூன்று புரோக்கர்கள் மல்லுக்கட்டுவதை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ல் மத்திய அரசு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டத்தைக் கொண்டு வந்தது. 2017 மே 1-ந் தேதி அது முழுமையாக அமலுக்கு வந்தது. 'ரெரா' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

இந்தச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் வீடு விற்றுத் தருகிற புரோக்கரும் ஆணையத்தில் பதிவு செய்து நம்பர் வாங்கியிருக்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் நாள் ஒன்றுக்கு ரூ.10 ஆயிரம் அபராதம். அது வீட்டு விலையில் 5 சதவீதம் வரை ஏறும்.

ஒப்பந்தம் பதிவு ஆகாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்க கம்பெனிக்கு உரிமை இல்லை. வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தை தனி பேங்க் கணக்கில் போட வேண்டும். சொன்ன தேதியில் வீடு தராவிட்டால், பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். வீடு கைக்கு வந்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் கோளாறு தெரிந்தால், சொன்ன 30 நாளில் கம்பெனி தன் செலவில் சரி செய்து தர வேண்டும்.

குமாஸ்தா விஷயத்தில் நடந்தது என்ன? அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். "உங்க ரெரா நம்பர் என்ன?" அந்த ஆளிடம் நம்பரே கிடையாது!

2 கிரவுண்டு சூட்சுமம்

சட்டம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்து விடவும் முடியாது. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமல் இருந்தாலோ, வீடுகள் 8-க்கு மேல் இல்லாமல் இருந்தாலோ, அந்தக் கட்டிடத்துக்கு ரெரா பதிவு கட்டாயம் இல்லை.

சென்னையில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 2 கிரவுண்டு என்றால் 4,800 சதுர அடி. மீட்டர் கணக்கில் சுமார் 446. அதாவது 500-க்குள் அடங்கி விடுகிறது. பழைய வீட்டை இடித்து விட்டு 2 கிரவுண்டில் எழும்பும் அடுக்குமாடிகள் எல்லாம் இந்த வேலிக்கு வெளியேதான் நிற்கின்றன. அங்கே நல்ல புரோக்கர் அமைந்தால் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும்.

அயனாவரம் மளிகைக்கடை அண்ணாச்சிக்கு நல்ல புரோக்கர் அமைந்தார்.

அண்ணாச்சி பார்த்த வீடு 2 கிரவுண்டில் கட்டிய புது வீடு. நாலாவது மாடி. 1,050 சதுர அடி என்று சொன்னார்கள். சதுர அடி ரூ.6,500. மொத்தம் ரூ.68 லட்சத்து 25 ஆயிரம். தினமும் கடை வாசலில் டீ குடிக்கும் ஒரு புரோக்கரையே கூட்டிப் போனார். கம்பெனி அவருக்கு பேசியிருந்த கமிஷன் 2 சதவீதம். கணக்குப்படி ரூ.1 லட்சத்து 36 ஆயிரத்து 500.

புரோக்கர் முதலில் டேப்பை எடுத்து சுவருக்கு சுவர் அளந்தார். உள்ளே புழங்குகிற இடம் 720 சதுர அடிதான் வந்தது. மீதி 330 அடி மாடிப்படி, லிப்ட், பொது வராந்தா என்று காற்றில் கலந்து இருந்தது.

அடுத்து "அப்ரூவல் பிளானை காட்டுங்க" என்றார். ஒரு மணி நேரம் இழுத்தடித்து விட்டு ஒரு ஜெராக்ஸ் காப்பியை நீட்டினார்கள். அதில் இருந்தது 3 மாடி, 6 வீடு. கண் எதிரே நின்றது 4 மாடி, 8 வீடு. அண்ணாச்சிக்கு காட்டிய நாலாவது மாடி பிளானிலேயே இல்லை!

நிலத்தின் கணக்கும் உதைத்தது. 4,800 சதுர அடியை 6 வீட்டுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 800. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது 600. எட்டாகப் பங்கு போட்டு விட்டார்கள். யு.டி.எஸ். என்று சொல்கிற பிரிபடாத நிலப் பாகம்தான் அடுக்குமாடியில் உண்மையான சொத்து. கட்டிடம் பழசாகும். நிலம் பழசாகாது.

புரோக்கர் அண்ணாச்சியை தெருமுனைக்கு தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, இது வேண்டாம்."

"என்னப்பா சொல்லுதே? பால்கனியில நல்லா காத்து வருதே."

"காத்து வரும் அண்ணாச்சி. நாளைக்கு நோட்டீசும் வரும். பேங்க்ல லோனும் தேறாது."

"உனக்கு கமிஷன் போயிருமே?"

"போகட்டும். தினம் உங்க கடை வாசல்லதானே டீ குடிக்கிறேன். நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க வந்து நிப்பேன்?"

மறக்க முடியாத மவுலிவாக்கம்

2014 ஜூன் 28-ந் தேதி. கட்டப்பட்டு வந்த 11 மாடி கட்டிடம் மவுலிவாக்கத்தில் சரிந்து விழுந்தது. 61 பேர் உடல் நசுங்கி செத்தார்கள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டிடத்தை 2016 நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்து தகர்த்தார்கள். அதில் வீடு வாங்க பணம் கட்டியவர்கள் பட்ட பாடு தனிக் கதை.

பளபள டைல்சையும் மாடுலர் கிச்சனையும் பார்த்து மயங்குபவர்களுக்கு அந்த நாள் ஞாபகம் இருக்க வேண்டும். புரோக்கர் அழைத்துப் போய் வீட்டைக் காட்டுவார். தூணுக்குள் எவ்வளவு கம்பி இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. ரூ.60 லட்சம், 70 லட்சம் போடுகிறவர்கள் சில ஆயிரம் செலவழித்து ஒரு என்ஜினீயரை தனியாக அழைத்துப் போவதில் தப்பே இல்லை. கம்பெனி கைகாட்டும் வக்கீலை நம்பாமல், தாய்ப் பத்திரத்தை சொந்த வக்கீலிடம் காட்டுவதும் அப்படித்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

புரோக்கரிடம்: ரெரா நம்பர் உண்டா? கமிஷன் யார் தருகிறார்கள், எவ்வளவு? என்னிடம் ஏதாவது கேட்பீர்களா? இதற்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் இருந்து கழன்று கொள்வதே புத்திசாலித்தனம்.

கம்பெனியிடம்: அப்ரூவல் பிளான் எங்கே? கார்ப்பெட் ஏரியா எவ்வளவு? யு.டி.எஸ். எவ்வளவு? கட்டிட நிறைவுச் சான்று வந்து விட்டதா? பெரிய அடுக்குமாடிகளுக்கு நிறைவுச் சான்று இல்லாமல் நிரந்தர கரண்ட் கிடைக்காது. தற்காலிக கரண்டில் குடியேறி விட்டு, பில் வந்ததும் தலையில் கை வைப்பவர்கள் பலர்.

இந்தச் சான்றில் இன்னொரு லாபமும் உண்டு. சான்று வந்த பிறகு வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது. கட்டும்போதே வாங்கினால் 5 சதவீதம். பெருநகரங்களில் 60 சதுர மீட்டர் கார்ப்பெட்டுக்கும் ரூ.45 லட்சத்துக்கும் உட்பட்ட வீடு என்றால் 1 சதவீதம்.

பத்திரச் செலவையும் புரோக்கர் வாய்க் கணக்கில் விடக்கூடாது. புது பிளாட்டுக்கு நிலமும் கட்டிடமும் சேர்த்து மொத்த மதிப்பில் கிரையம் பதியும் முறை 2023 டிசம்பர் 1-ந் தேதி வந்தது. அன்று அறிவித்தபடி ரூ.50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ரூ.50 லட்சத்துக்கு மேல் ரூ.3 கோடி வரை 5-ம் 2-ம். ரூ.50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வீட்டுக்கு 1 சதவீத வருமான வரியை வாங்குபவரே பிடித்தம் செய்து கட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. பணம் எதுவானாலும் கம்பெனி பேருக்கு பேங்க் வழியாகத்தான் போக வேண்டும். புரோக்கர் கையில் ரொக்கம் கூடாது. அவருடைய செல்போன் நம்பருக்கு அனுப்புவதும் கூடாது.

முதல் டம்ளர் பால்

அண்ணாச்சி அதற்குப் பிறகு ஏழு மாதம் அலைந்தார். அதே புரோக்கரோடுதான் அலைந்தார். கடைசியில் கொளத்தூரில் ஒரு புது கட்டிடத்தில் இரண்டாவது மாடி அமைந்தது. பிளானில் இருக்கிற மாடி. கமிஷனும் புரோக்கருக்கு வந்து சேர்ந்தது.

பால் காய்ச்சிய அன்று முதல் டம்ளர் பாலை அண்ணாச்சி நீட்டியது அந்த புரோக்கரிடம்.

பெரம்பூர் குமாஸ்தா இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். அந்த வெள்ளைத்தாள் ரசீதை நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அதற்குப் பின்னால், அடகுக் கடைச் சீட்டு.