தும்ம வைப்பது எந்தச் செடி?

அரக்கோணத்தில் ரயிலேறி ரேணிகுண்டா பக்கம் போனால், ஜன்னலுக்கு வெளியே சீமைக் கருவேலம் விடாமல் கூடவே வரும். ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து 1877-இல் கடப்பையில் ஊன்றிய மரம். இதே தண்டவாளம் கடப்பை வழியாகத்தான் போகிறது. மூக்கொழுகலையும் இளைப்பையும் கிளப்பும் மகரந்தங்களில் சீமைக் கருவேலத்துக்கும் இடமுண்டு. பார்த்தீனியத்துக்கும் அறுகுக்கும்கூட உண்டு. நாம் எல்லாவற்றையும் சேர்த்து "டஸ்ட் அலர்ஜி" என்று முடித்துவிடுகிறோம். மாத்திரை போடுகிற வரை அது போதும். ஊசி சிகிச்சை என்று இறங்கினால் போதாது. எந்த மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லையோ, அதையே சிறுகச் சிறுக ஏற்றி உடம்பைப் பழக்கும் வைத்தியம் அது. மூன்றிலிருந்து ஐந்து வருஷம் பிடிக்கும். செடி மாறினால் அத்தனையும் வீண்.

ஆகவே முதலில் தோல் சோதனை. முன்கையில் பேனாவால் எண் போட்டு, பக்கத்தில் ஒவ்வொரு மகரந்தச் சாற்றிலும் ஒரு சொட்டு. சொட்டின் வழியே மேல்தோலில் லேசாக ஒரு குத்து, ரத்தம் வராது. இரண்டு சொட்டு மட்டும் வேறு: ஒன்று உப்புநீர், மற்றது ஒவ்வாமைத் தடிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின். கால் மணி நேரத்தில் ஹிஸ்டமின் வைத்த இடம் கொசு கடித்தாற்போலத் தடிக்க வேண்டும். தடிக்காவிட்டால், நோயாளி செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரையை நிறுத்தாமலே வந்திருக்கலாம். அன்றைய சோதனையை நம்ப முடியாது. மகரந்தச் சொட்டு வைத்த இடம் உப்புநீர் இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாகத் தடித்தால்தான் பாசிட்டிவ்.

பாசிட்டிவ் என்றாலே நோய் என்று அர்த்தமில்லை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். புரோஃபிலின் என்றொரு புரதம் ஏறக்குறைய எல்லா மகரந்தத்திலும் இருக்கிறது. அதற்கு எதிராக ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருள் உள்ளவர் கையில் புல், மரம், களை எல்லாமே தடிக்கும். எதில் ஊசி போடுவது? அப்போதுதான் புரதம் புரதமாகப் பிரித்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை கைகொடுக்கும். அதைவிட முக்கியம், எந்த மாசம், எந்த இடத்தில் தும்மல் கூடுகிறது என்று நோயாளி சொல்லும் கதை.

இந்த ஊசியை 1911-இல் லண்டனில் லியோனார்ட் நூன் தொடங்கிவைத்தது திமோத்தி என்ற ஐரோப்பியப் புல்லின் மகரந்தத்தில். மகரந்தத்தில் நஞ்சு இருப்பதாக நினைத்துப் போட்டார். காரணம் தப்பு, வைத்தியம் பலித்தது. ஆனால் திமோத்தியின் முக்கியப் புரதங்களில் ஒரு வகை நம் அறுகில் இல்லவே இல்லை. அறுகால் தும்முகிறவருக்கு அந்தப் புல்லின் மருந்து சரியாகப் பொருந்தாது. பொருந்துகிற மருந்தே ஆனாலும், ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அபூர்வமாக உடம்பு முழுக்க ஒவ்வாமை பாய்ந்து ரத்த அழுத்தம் சரிவதுண்டு.