நியூ ஓர்லியன்ஸ் குறுங்கால வாடகைக் கட்டுப்பாடு

நியூ ஓர்லியன்ஸ் குறுங்கால வாடகைக் கட்டுப்பாடு என்பது, ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரில் வீடுகளைப் பயணிகளுக்குச் சில நாட்களுக்கு மட்டும் வாடகைக்கு விடும் தொழிலை வரையறுக்கும் மாநகரச் சட்டங்களைக் குறிக்கும். இச்சட்டங்கள் முதலில் 2016 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2019 இலும் 2023 இலும் பெருமளவு மாற்றி எழுதப்பட்டன. இடையில் 2022 இல் கூட்டரசு மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இவற்றின் மையமான விதியைச் செல்லாததாக்கியது.

குடியிருப்புப் பகுதிகளில் வாடகை உரிமங்களை இரு வழிகளில் கட்டுப்படுத்தலாம். ஒன்று, யாருக்கு உரிமம் தருவது என்பதை வரையறுப்பது. மற்றொன்று, எத்தனை உரிமங்கள் தருவது என்பதை வரையறுப்பது. நியூ ஓர்லியன்ஸ் முதல் வழியைத் தேர்ந்தெடுத்து, அது நீதிமன்றத்தில் நிலைக்காமற் போனபின் இரண்டாம் வழிக்கு வந்த நகரமாகும். இதனாலேயே இந்நகரின் அனுபவம் அமெரிக்க நகராட்சிச் சட்டம் பயில்வோரால் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

குறுங்கால வாடகை

தொடர்ந்து 30 நாட்களுக்குக் குறைவாக ஒரு வீட்டையோ வீட்டின் ஒரு பகுதியையோ வாடகைக்கு விடுவது குறுங்கால வாடகை எனப் பொதுவாக அழைக்கப்படுகிறது. விடுதிகளுக்கு உரிய இத்தொழில், 2008 இல் தொடங்கப்பட்ட ஏர்பிஎன்பி போன்ற இணையத் தளங்களின் வரவால் சாதாரணக் குடியிருப்புத் தெருக்களுக்குள் நுழைந்தது.

வீட்டுச் சந்தையில் இதன் தாக்கத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு வீட்டுக்கு மாத வாடகை 1,500 டாலர் என்றும், அதே வீட்டுக்குப் பயணியிடம் ஓர் இரவுக்கு 150 டாலர் பெறலாம் என்றும் கொள்வோம். மாதத்தில் பத்து இரவுகள் பயணிகள் தங்கினாலே முழு மாத வாடகை கிடைத்துவிடும். பதினொன்றாம் இரவு முதல் வருவது மிகுதி வருவாய். துப்புரவு, தளத்தின் தரகு முதலிய செலவுகளைக் கழித்தாலும், சுற்றுலா மிகுந்த நகரில் நிலையான குடித்தனக்காரரை வைப்பதைவிட இதுவே பல உரிமையாளர்களுக்கு ஆதாயமாகிறது. அவ்வாறு மாறும் ஒவ்வொரு வீடும் நகரில் வாழ்வோருக்கான வீடுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது.

பின்னணி

நியூ ஓர்லியன்ஸ் 1718 இல் பிரெஞ்சுக்காரரால் நிறுவப்பட்ட, மிசிசிப்பி ஆற்றங்கரை நகரம். மார்டி கிரா திருவிழா, ஜாஸ் இசை விழா ஆகியவற்றுக்காகப் பெருந்தொகையான பயணிகள் இங்கு வருகின்றனர். 2005 ஆகஸ்ட் 29 அன்று தாக்கிய கத்ரீனா சூறாவளியின்போது கரைகள் உடைந்து நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. 2000 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 484,674 ஆக இருந்த மக்கள்தொகை 2010 இல் 343,829 ஆகக் குறைந்தது.

ஆற்றை ஒட்டிய நிலம் நகரின் பிற பகுதிகளைவிடச் சற்று மேடானது. பிரெஞ்சுக் குடியிருப்பு, மாரினி, பைவாட்டர் ஆகிய பழைய பகுதிகள் இம்மேட்டில் அமைந்திருந்ததால் வெள்ளத்திலிருந்து பெரிதும் தப்பின. நகரம் மீண்டபோது இப்பகுதிகளின் வீடுகளுக்கே கிராக்கி மிகுந்தது. பழைமையான தெருக்கள், இசைக்கூடங்களுக்கு நடந்து செல்லும் தொலைவு ஆகிய காரணங்களால் பயணிகளும் இவற்றையே நாடினர். இவற்றை அடுத்துள்ள டிரெமே, அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளுள் ஒன்று. எந்தத் தெருவின் இசையையும் ஊர்வலத்தையும் காணப் பயணிகள் வருகிறார்களோ, அதை உருவாக்கிய குடும்பங்களே அத்தெருவில் வாடகை கொடுக்க இயலாமல் வெளியேற நேர்கிறது என்பது, கட்டுப்பாட்டைக் கோரியவர்கள் திரும்பத் திரும்ப முன்வைத்த வாதமாகும்.

நகரின் வீட்டு அமைப்பும் இங்கு குறிப்பிடத்தக்கது. 'ஷாட்கன்' எனப்படும் வீடுகளில் நடைகூடம் இராது. அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக அமைந்திருக்கும். இவ்வகை வீடுகள் இரண்டு, நடுச்சுவர் ஒன்றைப் பகிர்ந்து ஒரே கூரையின் கீழ் நிற்பது இரட்டை ஷாட்கன். ஒரு பாதியில் உரிமையாளர் குடியிருந்துகொண்டு மறு பாதியை வாடகைக்கு விடுவது இந்நகரில் நெடுநாள் வழக்கம். எனவே இங்கு வாடகை வருவாய் என்பது செல்வந்த முதலீட்டாளரின் சிக்கல் மட்டுமன்று. நடுத்தரக் குடும்பங்கள் வீட்டுக் கடனை அடைக்கும் வழியும் அதுவே.

2016 ஆம் ஆண்டுச் சட்டம்

2016 க்கு முன்னர் 30 நாட்களுக்குக் குறைந்த வாடகை நகரின் பெரும்பகுதியில் சட்டவிரோதமாகவே இருந்தது. பிரெஞ்சுக் குடியிருப்பில் இவ்வரம்பு 60 நாட்கள். ஆயினும் தடை ஏட்டளவில் மட்டுமே நின்றது. எனவே தொழிலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து வரி பெறுவதே மேல் என மாநகர மன்றம் முடிவு செய்தது. 2016 டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட சட்டம் 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் மூவகை உரிமங்களை ஏற்படுத்தியது. உரிமையாளர் தாம் குடியிருக்கும் இடத்தின் ஒரு பகுதியை விடுவதற்குத் துணை உரிமம். வணிக மண்டலங்களில் விடுவதற்கு வணிக உரிமம். குடியிருப்பு மண்டலத்தில் முழு வீட்டையும் ஆண்டுக்கு 90 இரவுகள் வரை விடுவதற்குத் தற்காலிக உரிமம். பிரெஞ்சுக் குடியிருப்பின் பெரும்பகுதியில் குறுங்கால வாடகை தடை செய்யப்பட்டது.

சிக்கல் மூன்றாம் வகையில் எழுந்தது. தற்காலிக உரிமம் பெற உரிமையாளர் அங்கு குடியிருக்க வேண்டியதில்லை. 90 இரவுகள் என்பதும் தோற்றத்துக்குத்தான் கடுமையான வரம்பு. ஓர் ஆண்டின் வெள்ளி, சனி இரவுகளைக் கூட்டினாலே ஏறத்தாழ 104 தான் வரும். விழாக் காலங்களிலும் வார இறுதிகளிலும் மட்டும் விட்டாலும் போதிய வருவாய் கிடைத்தது. எஞ்சிய நாட்களில் வீடு பூட்டிக் கிடந்தாலும் நிலையான குடித்தனக்காரர் அதில் குடியேற முடியாது. இரவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, வீடு சந்தையிலிருந்து மறைவதைத் தடுக்கவில்லை.

2018 மே மாதத்தில் புதிய மேயர் லட்டோயா கான்ட்ரெலும் புதிய மன்றமும் பொறுப்பேற்றனர். அம்மாதமே குடியிருப்புப் பகுதிகளில் தற்காலிக உரிமம் வழங்குவதை மன்றம் ஒன்பது மாதங்களுக்கு நிறுத்தி வைத்தது.

2019 ஆம் ஆண்டுத் திருத்தம்

2019 ஆகஸ்ட் 8 அன்று ஒருமனதாக நிறைவேறிய புதிய சட்டம் தற்காலிக உரிமத்தை அடியோடு நீக்கியது. குடியிருப்பு மண்டலத்தில் உரிமம் கோருபவர், அந்த மனைக்கு வசிப்பிட வரிவிலக்குப் பெற்றவராக இருக்க வேண்டும் என்பது இதன் உயிர்நாடி. லூசியானாவில் ஒருவர் தாம் முதன்மையாக வாழும் சொந்த வீட்டின் மதிப்பில் முதல் 75,000 டாலருக்குச் சொத்து வரியிலிருந்து விலக்குப் பெறலாம். ஒருவர் ஒரு வீட்டுக்கு மட்டுமே இதனைப் பெற முடியும் என்பதால், உரிமையாளர் உண்மையில் எங்கு வாழ்கிறார் என்பதற்கு இது வசதியான சான்றாயிற்று.

இதன் விளைவாக, பல வீடுகளை வாங்கி விடும் முதலீட்டாளர்கள் குடியிருப்புப் பகுதிகளிலிருந்து விலக்கப்பட்டனர். இரட்டை ஷாட்கனின் ஒரு பாதியில் வாழும் உரிமையாளர் மறு பாதியை விடலாம். வீட்டுக்காரரே சுவருக்கு அப்பால் இருக்கும்போது நள்ளிரவுக் கூச்சலும் குப்பையும் தாமே குறையும் என்பது மன்றத்தின் எதிர்பார்ப்பு. நகரின் வாழ்க்கை முறைக்கு மிகவும் பொருந்திய விதி இதுவே எனலாம். ஆனால் அது நீடிக்கவில்லை.

2022 ஆம் ஆண்டுத் தீர்ப்பு

வெளி மாநிலங்களில் வாழும் உரிமையாளர்கள் உள்ளிட்டோர் இச்சட்டத்தை எதிர்த்துக் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவர்களின் வாதங்களுள் இரண்டு முதன்மையானவை.

முதலாவது, முன்பு பெற்ற உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்வது தமது சொத்துரிமை, அதனை இழப்பீடின்றிப் பறிக்கக்கூடாது என்பது. இதனை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. அவ்வுரிமம் நகரம் அளிக்கும் சலுகையே அன்றிச் சொத்தன்று எனக் கூறப்பட்டது.

இரண்டாவது வாதம் வென்றது. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அமெரிக்க அரசியலமைப்பு கூட்டரசின் நாடாளுமன்றத்துக்கு அளித்துள்ளது. இதிலிருந்து, எந்த மாநிலமோ நகரமோ வெளி மாநிலத்தாருக்கு எதிராக வணிகத்தில் பாகுபாடு காட்டக்கூடாது என்னும் எழுதப்படாத தடையை நீதிமன்றங்கள் நெடுங்காலமாக வருவித்து வந்துள்ளன. உறங்குநிலை வணிகக் கூறு என்பது இதன் பெயர். உரிமையாளர் அவ்வீட்டிலேயே வாழ வேண்டும் என்றால், டெக்சாசிலோ கலிபோர்னியாவிலோ வாழ்பவர் ஒருபோதும் உரிமம் பெற முடியாது. நகரின் வேறொரு தெருவில் வாழும் உரிமையாளருக்கும் இதே நிலைதானே என்று கேட்கலாம். உள்ளூரார் சிலரும் சேர்ந்து விலக்கப்படுவது வெளியார்மீதான பாகுபாட்டைப் போக்காது என்பது இத்துறையில் முன்பே நிலைபெற்ற கோட்பாடு.

2022 ஆகஸ்ட் 22 அன்று ஐந்தாம் வட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் வசிப்பிட விதியைச் செல்லாது என அறிவித்தது. தொல்லைகளைத் தடுத்தல், கட்டுப்படியாகும் வீடுகளைக் காத்தல், குடியிருப்புத் தன்மையைப் பேணல் ஆகிய நோக்கங்களை நீதிமன்றம் குறை கூறவில்லை. அவற்றைப் பாகுபாடின்றி அடைய வேறு வழிகள் உண்டு என்பதே அதன் முடிவு. விதிகளைக் கடுமையாக நடைமுறைப்படுத்தலாம், வரியை உயர்த்தலாம், உரிமையாளரல்லாத ஒரு பொறுப்பாளரை இரவில் அங்கு தங்கச் செய்யலாம், குடியிருப்புப் பகுதிகளில் உரிமங்களின் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு விதிக்கலாம். அடுத்த சட்டத்துக்கான வரைவைத் தீர்ப்பே தந்தது போலாயிற்று.

கலிபோர்னியாவின் சாந்தா மோனிக்கா நகரச் சட்டத்துக்கு எதிராக இதே போன்ற வாதம் எழுந்து 2019 இல் ஒன்பதாம் வட்ட நீதிமன்றத்தில் தோற்றதை இங்கு ஒப்பிடலாம். பயணிகள் தங்கும்போது அவ்வீட்டின் நிலையான குடியிருப்பாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று மட்டுமே அந்நகரம் கேட்டது. அவர் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. எனவே வெளி மாநில உரிமையாளருக்கும் கதவு மூடப்படவில்லை. இரு சட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு ஒரே ஒரு சொல்லில் அடங்கியிருந்தது.

மனைத்தொகுதிக்கு ஓர் உரிமம்

2023 மார்ச்சில் நிறைவேற்றப்பட்டு அவ்வாண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், குடியிருப்புப் பகுதிகளில் ஒரு மனைத்தொகுதிக்கு ஒரே ஓர் உரிமம் என வரையறுத்தது. நான்கு பக்கமும் தெருக்கள் சூழ்ந்த வீட்டுத் தொகுதியே இங்கு மனைத்தொகுதி எனப்படுகிறது. ஒன்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தால் குலுக்கல் முறையில் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுவார். மன்றம் தனி ஒப்புதல் அளித்தால் மேலும் இரண்டு உரிமங்கள் வரை வழங்க இடமிருந்தது. உரிமையாளருக்கு ஓர் உரிமமும், வாடகையை நடத்துபவருக்கு மற்றோர் உரிமமும் தேவை. நடத்துபவர் அவ்விடத்திலேயே குடியிருக்க வேண்டும். தனி மனிதர்களுக்கு மட்டுமே உரிமம், நிறுவனங்களுக்கு இல்லை என்னும் விதியும் சேர்க்கப்பட்டது. இது பின்னர் வழக்குகளில் கடும் வாதத்துக்கு உள்ளானது.

இவ்வரம்பு அடர்த்தியைத் தடுப்பதில் தெளிவானது. ஒரே தெருவின் வீடுகள் வரிசையாக விடுதிகளாக மாறும் நிலை இனி சட்டப்படி இயலாது. ஆனால் இதற்கு விலையும் உண்டு. 2019 சட்டம் முதலீட்டாளரையும் அங்கேயே வாழும் உரிமையாளரையும் பிரித்துப் பார்த்தது. எண்ணிக்கை வரம்பு அவ்வாறு பார்ப்பதில்லை. ஒரே தொகுதியில் வாழ்ந்து, தத்தம் வீட்டின் மறு பாதியை ஒழுங்காக விட்டுவந்த இரு அயலாருள் ஒருவர் குலுக்கலில் வெல்ல, மற்றவர் தொழிலையே இழக்கிறார். 2021 இன் ஐடா சூறாவளிக்குப் பின் லூசியானாவில் வீட்டுக் காப்பீட்டுக் கட்டணங்கள் பெரிதும் உயர்ந்திருந்த வேளையில் இவ்விழப்பு சிறியதன்று. மேலும், மனைத்தொகுதிகள் அனைத்தும் ஒரே அளவுடையவை அல்ல. சில வீடுகளே உள்ள தொகுதிக்கும் பல வீடுகள் உள்ள தொகுதிக்கும் பங்கு ஒன்றே.

இச்சட்டமும் வழக்கைச் சந்தித்தது. 2023 ஆகஸ்டில் கூட்டரசு நீதிபதி ஒருவர் இதன் நடைமுறையைத் தற்காலிகமாக நிறுத்தினார். 2024 இன் தொடக்கத்தில் சட்டத்தின் பெரும்பகுதி ஏற்கப்பட்டது.

நடைமுறைப்படுத்தல்

உரிமத்துக்கு எத்தகைய வரம்பு விதித்தாலும், உரிமமே பெறாமல் விடுபவரைக் கண்டறிவது தனிச் சிக்கல். தளங்களில் வீட்டின் சரியான முகவரி பொதுவாகக் காட்டப்படுவதில்லை. ஒரு விளம்பரம் நீக்கப்பட்டால் மற்றொரு பெயரில் அது மீண்டும் தோன்றலாம். இதனால் 2024 இல் மன்றம், விளம்பரத்தை ஏற்கும் முன் உரிமத்தைச் சரிபார்க்கும் பொறுப்பைத் தளங்கள்மீதே சுமத்தும் சட்டத்தை இயற்றியது. ஏர்பிஎன்பி 2025 இல் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது.

பிற நகரங்களில்

டெக்சாசின் ஆஸ்டின் நகரம், உரிமையாளர் குடியிராத வாடகை வீடுகள் குடியிருப்புப் பகுதிகளின் ஒவ்வொரு கணக்கெடுப்புப் பிரிவிலும் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என 2012 இல் விதித்தது. பின்னர் அவற்றைப் படிப்படியாக முற்றிலும் ஒழிக்க 2016 இல் அது முயன்றபோது, மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019 இல் தடுத்தது. நியூயோர்க் 2022 இல் இயற்றி 2023 செப்டம்பர் முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் எண்ணிக்கை வரம்பு எதனையும் விதிக்கவில்லை. குடியிருப்பாளர் உடன் இருக்க வேண்டும், இருவருக்கு மேல் விருந்தினர் தங்கக்கூடாது, பதிவு செய்யாத வீட்டுக்குத் தளங்கள் பணம் பெறக்கூடாது என்னும் விதிகளாலேயே முழு வீட்டு வாடகையை அது ஏறக்குறைய இல்லாமலாக்கியது. ஸ்பெயினின் பார்சலோனா மேலும் ஒரு படி சென்றது. சுற்றுலா அடுக்ககங்களுக்கான 10,101 உரிமங்களையும் புதுப்பிக்கப் போவதில்லை என்றும், 2028 நவம்பருடன் அவை முடிவுக்கு வரும் என்றும் அந்நகர மேயர் ஜவுமே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்தார்.