விஷ்ணுகிரந்தியை வேரோடு பிடுங்காதீர்கள்

காஞ்சிபுரம் பக்கம் செய்யாற்றங்கரையில் இருக்கும் மாகறலுக்கு வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் திருமாகறலீஸ்வரரைக் கும்பிடத்தான் வருகிறார்கள். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். உடும்பு ஒன்று ஓடி ஒளிந்த புற்றில் இறைவன் வெளிப்பட்டார் என்பது தலவரலாறு. உடும்பும் புற்றும் உள்ள மேட்டு நிலத்தில் தேடிப் பார்க்க வேண்டிய செடி ஒன்று உண்டு. அது விஷ்ணுகிரந்தி. தமிழ்நாட்டுச் சமவெளியில் செம்மண் தரிசு, சரளை மேடு, ஆடு மேயும் புல்தரை என்று பல இடங்களிலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும்.

பூவைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். குறுக்களவு ஒரு சென்டிமீட்டர்கூட வராது. நல்ல நீலம், நடுவில் வெளுப்பு. இலையைவிட நீளமான, நூல் போன்ற காம்பின் நுனியில் நிற்கும். கைலென்ஸ் இருந்தால் உள்ளே பாருங்கள்: சூல்தண்டு இரண்டு, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்து நான்கு இழைகளாக விரிந்திருக்கும். இலையிலும் தண்டிலும் பட்டுப் போன்ற மயிர் படர்ந்திருப்பதால் செடி சற்றே சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். சர்க்கரைவள்ளியின் குடும்பம்தான், ஆனாலும் கொடியாகச் சுற்றி ஏறாது. காலையில் மலர்ந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும்.

கோடையில் மேலே எல்லாம் கருகிப் போகும். ஆனால் மண்ணுக்குள் கட்டை போல் உறுதியான வேர் உயிரோடு இருக்கும். மழை விழுந்ததும் அதிலிருந்தே புதுத் தண்டுகள் நாலாபக்கமும் கிளம்பும். செடியின் ஆயுள் முழுக்க அந்த வேரில்தான் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்கான குடிநீரில் விஷ்ணுகிரந்தி சேரும்; கேரளத்தில் தசபுஷ்பம் எனப்படும் பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. மருந்துக்குச் சமூலமாக, அதாவது வேர் முதல் பூ வரை முழுச் செடியாக எடுப்பது வழக்கம். அப்படிப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும், இன்னும் பல மழைக்குத் துளிர்த்திருக்க வேண்டிய ஒரு செடி அங்கே இல்லாமல் போகிறது. வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர்கள் விதையோ குச்சியோ எடுத்தால் போதும்.

பூ உதிர்ந்ததும் காம்பு கீழ்நோக்கி வளைந்து, சிறு உருண்டைக் காய் தொங்கும். காய் வைக்கோல் நிறத்துக்கு வந்தபின் பறியுங்கள். பெரும்பாலும் நான்கு விதை இருக்கும். எல்லாவற்றையும் வழித்தெடுக்காமல் பாதிக்கு மேல் அங்கேயே விடுங்கள். விதைத்தோல் கெட்டியானது. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் நீர் உள்ளே இறங்கி முளைக்கும். விதையை ஆழமாகப் புதைக்க வேண்டாம், மேலே மெல்லிய மணல் தூவினால் போதும். குச்சியென்றால் பூக்காத இளந்தண்டு நுனியை விரல் நீளத்துக்கு வெட்டி, ஈர மணலில் நிழலில் ஊன்றுங்கள். காஞ்சிபுரம் பக்கம் ஆடி, ஆவணியிலும் மழை உண்டு, ஐப்பசியிலும் உண்டு. ஆவணியில் தொடங்கினால் அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும்.

மண்தான் முக்கியம். வளமான மண் கொடுத்தால் இலை பெருகும், பூ குறையும். செம்மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, கைப்பிடி சரளை. தொழுவுரம் வேண்டாம், யூரியா வேண்டவே வேண்டாம். அகலமான மண்தொட்டி, அடியில் தாராளமான ஓட்டை, மொட்டை மாடியில் நாள் முழுக்க வெயில். மேல்மண் காய்ந்தபின் தண்ணீர் விடுங்கள். இந்தச் செடி வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம்; தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிக்கலாம். சித்திரையில் காய்ந்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டாம். காய்ந்த தண்டை மட்டும் கத்தரித்து, எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் காட்டிக் காத்திருங்கள்.

நர்சரியில் வாங்குவதானால் கவனம். ‘புளூ டேஸ்’ என்று விற்பது இதன் தென் அமெரிக்க உறவுச் செடி. அழகானதுதான், ஆனால் நம் தரிசில் வளர்வது அதுவல்ல. அதன் பூ இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரிது. நூல்காம்பு இல்லாமல் தண்டின் நுனியில் இலைகளோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். காம்பைப் பார்த்து வாங்குங்கள்.